வடசென்னையின் பழைய குட்டியானைகள்: வாங்குதலும் மதிப்பிடுதலும்

குட்டியானை என்பது ஏறத்தாழ ஒரு டன் வரை சரக்கு ஏற்றும் நான்கு சக்கரச் சிறு வண்டிக்குத் தமிழக மக்கள் வழங்கும் பெயர். டாடா மோட்டார்ஸ் நிறுவனம் 2005 மே மாதம் வெளியிட்ட 'ஏஸ்' வண்டியைக் குறித்த இப்பெயர், பின்னர் அதே வகையைச் சேர்ந்த பிற நிறுவன வண்டிகளுக்கும் பேச்சுவழக்கில் பரவியது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய பகுதிகளைக் கொண்ட வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியில் மீன், பனிக்கட்டி, இரும்புத் துண்டு, தண்ணீர் கேன், வீட்டுச் சாமான் என எல்லாவற்றையும் ஏற்றும் வண்டி இது.

இவ்வண்டிகளைப் புதிதாக அல்லாமல் பழையதாக வாங்குவோர் பலர். பிறர் வண்டியை ஓட்டிக் கூலி பெற்றுவந்த ஓட்டுநர் முதன்முறையாகத் தானே உரிமையாளர் ஆவதும் பெரும்பாலும் ஒரு பழைய வண்டி வழியாகத்தான். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற துரு, தேய்மானம், தவணை பாக்கி, அபராதம் ஆகிய அனைத்தும் இவரிடம் வந்து சேரும். எனவே வண்டி என்ன வேலை செய்தது, சட்டப்படி யாருடையது என்ற இரண்டையும் கண்டறிவதே மதிப்பீட்டின் மையம். அந்த மதிப்பீட்டு முறை இப்பகுதியின் தொழில் வரலாற்றோடு சேர்ந்து உருவானது.

பின்னணி

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. கடல்வழி வந்த சரக்கும் உள்நாட்டிலிருந்து வந்த சரக்கும் சந்திக்கும் இடமாக வடசென்னை அப்போதே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டபின் கிடங்குகளும் பட்டறைகளும் வடக்கு நோக்கிப் பெருகின.

விடுதலைக்குப் பின் மோட்டார் தொழில் இப்பகுதியில் வேரூன்றியது. ரகுநந்தன் சரண் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்றது. பிரிட்டனின் லேலண்ட் நிறுவனத்தோடு ஏற்பட்ட ஒப்பந்தத்தைத் தொடர்ந்து லாரித் தயாரிப்புக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. அதே 1955-ல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாகி, திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. இவற்றைச் சுற்றி வார்ப்பாலைகள், கடைசல் பட்டறைகள், வெல்டிங் கடைகள், உதிரிபாகக் கடைகள் வளர்ந்தன. பழைய வண்டியின் குறையைச் சொல்லக்கூடிய கைத்தொழிலாளர்கள் இச்சூழலிலிருந்து உருவானார்கள்.

துறைமுகத்தில் 1983-ல் சரக்குப் பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராஜர் துறைமுகம் எனப்படுகிறது. பெட்டகங்களை ஏற்றும் டிரெய்லர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் நிறைந்தன. ஆனால் பெரிய லாரி வந்து நிற்கும் இடத்திலிருந்து தெருவுக்கும் கடைக்கும் சரக்கைக் கொண்டுசெல்ல வேறு வண்டி தேவைப்பட்டது.

கைவண்டியிலிருந்து நான்கு சக்கரத்துக்கு

இந்தக் குறுந்தொலைவு வேலையை நெடுங்காலம் கைவண்டிகளும் மாட்டுவண்டிகளும் செய்தன. காசிமேட்டிலும் சுற்றுப்புறத்திலும் மீன்பாடி வண்டி புழங்கியது. முன்புறம் தாழ்ந்த பலகைத் தளமும் பின்னால் மிதிகட்டையும் கொண்ட மூன்று சக்கர வண்டி அது. மீன் கூடை ஏற்றியதால் அப்பெயர் பெற்றது. பின்னர் பழைய ஸ்கூட்டர், மொபெட் என்ஜின்களை அதில் பொருத்தி ஓட்டும் வழக்கம் வந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட வண்டிக்குப் பதிவோ காப்பீடோ கிடையாது. விபத்து நேர்ந்தால் ஓட்டியவருக்கும் அடிபட்டவருக்கும் சட்டப் பாதுகாப்பு இல்லை.

மூன்று சக்கரச் சரக்கு ஆட்டோக்கள் இந்த இடத்தை ஓரளவு நிரப்பின. 1980களில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டோடு இலகுரக லாரிகள் இந்தியாவுக்கு வந்தன. அவை தெருவோரச் சிறு வியாபாரியின் கைக்கு எட்டும் விலையில் இல்லை. ஜப்பானில் இதே தேவைக்கு 'கெய்' எனப்படும் சிறு வண்டி வகை 1949-லிருந்து சட்டப்படி வரையறுக்கப்பட்டிருந்தது. குறுகிய சந்துகளில் செல்லும் சிறு லாரிகள் அவ்வகையில் பெருகின. இந்தியாவில் அதற்கு நிகரான வண்டி 2005-ல்தான் வந்தது.

ஏஸும் தோஸ்தும்

டாடா ஏஸ் வண்டியின் வடிவமைப்புக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் கிரிஷ் வாக். இரண்டு உருளைகள் கொண்ட சுமார் 700 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் சுமைத்திறன், 12 அங்குலச் சக்கரங்கள் ஆகியவை அதன் தொடக்ககால அமைப்பு. விலை ஏறத்தாழ 2.25 லட்சம் ரூபாய். மூன்று சக்கர வண்டி வாங்க நினைத்தவர் சற்றுக் கூடுதல் பணத்தில் நான்கு சக்கர வண்டிக்கு மாற முடிந்தது.

சட்டமும் துணைநின்றது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை என்கிறது. குட்டியானை வகை வண்டிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கும். ஓட்டுநர் உரிமம் குறித்த சிக்கலும் பின்னர் தீர்ந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வண்டியை இலகுரக வாகன உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் கூறியது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது.

2011-ல் அசோக் லேலண்ட், ஜப்பானின் நிசான் நிறுவனத்தோடு கூட்டாக 'தோஸ்த்' வண்டியை வெளியிட்டது. எண்ணூரில் பெரிய லாரிகளால் பெயர் பெற்ற நிறுவனம் சிறு வண்டிச் சந்தையில் நுழைந்தது அப்போதுதான். தோஸ்த் ஓசூரில் தயாரானது. 1.25 டன் சுமைத்திறனும் மூன்று உருளை என்ஜினும் கொண்டது. நிசானுடனான கூட்டு 2016-ல் முடிவுக்கு வந்தபின்னும் அசோக் லேலண்ட் அதைத் தொடர்ந்து தயாரித்தது. மஹிந்திரா, பியாஜியோ, மாருதி நிறுவனங்களும் இச்சந்தைக்கு வந்தன. புதிய வண்டி விற்பனை பெருகப் பெருக, சில ஆண்டுகள் கழித்துப் பழைய வண்டிச் சந்தையும் பெருகியது.

பழைய வண்டிக்குக் கடன்

மோட்டார் வண்டிக்குத் தவணைக் கடன் அளிக்கும் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. சுந்தரம் ஃபைனான்ஸ் 1954-லும் சோழமண்டலம் 1978-லும் இங்கே தொடங்கப்பட்டன. பழைய வண்டிக்குக் கடன் என்பதைப் பெருந்தொழிலாக மாற்றியது ஸ்ரீராம் குழுமம். ஆர். தியாகராஜனும் அவர் கூட்டாளிகளும் 1974-ல் சென்னையில் சீட்டு நிறுவனமாக அதைத் தொடங்கினர். 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் உருவானது. வங்கிகள் கடன் தரத் தயங்கிய லாரி ஓட்டுநர்களுக்குப் பழைய லாரி வாங்க அது கடன் கொடுத்தது. சம்பளச் சீட்டோ சொத்துப் பத்திரமோ இல்லாத ஒருவரின் நம்பகத்தன்மையை, அவர் ஓட்டும் வண்டியையும் அவரை அறிந்தவர்களையும் வைத்து அளக்கலாம் என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை.

இதனால் பழைய வண்டியின் மதிப்பை மெக்கானிக், தரகர் ஆகியோருடன் கடன் நிறுவனத்தின் கள அலுவலரும் கணிக்கத் தொடங்கினார். வண்டி எந்த ஆண்டு செய்யப்பட்டது, எத்தனை கைமாறியது, எஃப்.சி. எதுவரை இருக்கிறது, சந்தையில் அந்த வகை வண்டி என்ன விலைக்குப் போகிறது என்பவற்றைக் கொண்டு கடன் தொகை முடிவாகும். தவணை தவறினால் நிறுவனம் வண்டியைக் கைப்பற்றி ஏலத்தில் விற்கும். அத்தகைய வண்டிகளும் பழைய வண்டிச் சந்தைக்கே திரும்புகின்றன. தவணை தவறியவர் பராமரிப்புச் செலவையும் தள்ளிப்போட்டிருக்க வாய்ப்புண்டு என்பதால், ஏல வண்டியின் விலை குறைவாக இருந்தாலும் அதை வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்கின்றனர்.

உப்பு, சாம்பல், வெள்ளம்

வடசென்னையில் ஓடிய வண்டியை உள்நாட்டு ஊர்களில் ஓடிய வண்டியிலிருந்து பிரித்துக் காட்டுவது துரு. கடற்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து இரும்பின் மேல் தங்கும். மீன் ஏற்றும் வண்டியில் இதன் வேகம் இன்னும் அதிகம். பனிக்கட்டி உருகி மீன் நீரோடு கலந்து தளத்தின் இடுக்குகள் வழியே சேசிஸ் மீது வடிகிறது. வெளிப்பரப்பைக் கழுவிவிடலாம், குழல் போன்ற மூடிய பாகங்களுக்குள்ளும் வெல்டிங் இணைப்புகளிலும் சேர்ந்த உப்பைக் கழுவுவது கடினம்.

ஆகவே காசிமேட்டில் ஓடிய வண்டியைப் பார்ப்பவர் முதலில் குனிந்து அடிப்பகுதியைப் பார்ப்பார். சேசிஸ் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிதாகப் பூசிய கறுப்பு வண்ணம் ஐயத்துக்குரியது. கேபினின் கதவுக்கீழ், சக்கர வளைவு, தளத்தின் ஓரம் ஆகியவற்றில் பட்டி பூசி வண்ணம் அடித்திருந்தால் காந்தம் அங்கே ஒட்டாது. தளம் அரித்திருந்தால் மாற்றிவிடலாம். சேசிஸ் அரித்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டுவது சுமை ஏற்றிய நிலையில் உயிருக்கே ஆபத்தானது; எஃப்.சி. ஆய்விலும் அது தடையாகும்.

எண்ணூர்ப் பகுதி வண்டிகளுக்குத் தூசி ஒரு தனிப் பிரச்சினை. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல் மின் நிலையம் 1994-ல் தொடங்கியது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வதை உயர் நீதிமன்றம் 2011-ல் தடைசெய்ததால், அச்சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாறியது. ராயபுரத்துக்கு அது நிம்மதி. எண்ணூர்ச் சாலைகளில் கரித்தூளும் சாம்பலும் தொடர்ந்தன. காற்று வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாமல் இத்தகைய தூசியில் ஓடிய வண்டியில் உருளைகளும் பிஸ்டன் வளையங்களும் முன்கூட்டியே தேயும்.

2015 டிசம்பர் பெருவெள்ளத்துக்குப் பின் வெள்ளம் புகுந்த வண்டியா என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் பரவியது. நீரில் நின்ற வண்டியை இருக்கைக்கு அடியிலும் முகப்புப் பலகைக்குப் பின்னும் தங்கிய வண்டல், விளக்குகளுக்குள் நீர்க்கறை, மின்கம்பி முனைகளில் படிந்த பச்சை நிறம் ஆகியவை காட்டிக்கொடுக்கும்.

சுமையும் என்ஜினும்

குட்டியானையின் சுமைத்திறன் முக்கால் டன் என்றாலும் நடைமுறையில் அதைவிடப் பன்மடங்கு ஏற்றப்படுவதுண்டு. இரும்புத் துண்டு, மணல், செங்கல் போன்றவை இடம் குறைவாகப் பிடித்து எடை கூடுதலாக இருப்பதால், வண்டி பாதி நிறையும் முன்பே எடை வரம்பு கடந்துவிடும். இதற்காகப் பின்புற ஸ்பிரிங் அடுக்கில் கூடுதல் பிளேட் சேர்ப்பது வழக்கம். பழைய வண்டியில் அந்தப் பிளேட்டைக் கண்டால் அது தாங்கிய சுமை தெரிந்துவிடும். பின் அச்சு, கிளட்ச், பிரேக், கியர் ஆகியவை அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். டயர் ஒருபுறமாகத் தேய்ந்திருப்பது அச்சு அல்லது சேசிஸ் வளைந்திருக்கலாம் என்பதன் அறிகுறி.

மீட்டரில் காணும் கிலோமீட்டர் எண்ணை அனுபவமுள்ளவர்கள் தனியாக நம்புவதில்லை. மாற்றிவைக்க முடியும் என்பது ஒரு காரணம். துறைமுக வாசலிலும் ரயில்வே கேட்டிலும் என்ஜின் ஓடியபடி நின்ற மணிகள் அதில் பதிவாகாது என்பது இன்னொரு காரணம். எனவே மிதிகட்டை ரப்பர், ஸ்டியரிங், இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தை எண்ணோடு ஒப்பிடுகிறார்கள்.

டீசல் என்ஜினைக் குளிர்ந்த நிலையில் தொடங்கிப் பார்ப்பது அடிப்படை விதி. வாங்குபவர் வருமுன்பே சூடாக்கப்பட்ட என்ஜின் தன் குறையை மறைத்துவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் குளிர்விப்பு நீர் உருளைக்குள் கசியலாம். ஓயாத கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததைக் காட்டும். என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்தோடு வெளியேறுவது பிஸ்டன் வளையத் தேய்மானத்தின் அடையாளம். காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதைவிடச் சுமையோடு மேம்பாலம் ஏற்றிப் பார்ப்பதே உண்மையைச் சொல்லும்.

காகிதங்கள்

என்ஜினைப் பழுது பார்க்கலாம். காகிதக் குறையைப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. முதல் வேலை சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவது. எண்ணின் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கும் முறை கடன், காப்பீட்டு அலுவலகங்களிலும் புழங்குகிறது. துருவில் எண் அழிந்த வண்டியை வாங்கினால் பெயர் மாற்றம் முதல் மறுவிற்பனை வரை தொல்லை தொடரும்.

அடுத்தது தவணை. கடனில் வாங்கிய வண்டியின் ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் முடிந்ததும் நிறுவனத்தின் கையொப்பத்தோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்க வேண்டும். நீக்காத வண்டியை வாங்கியவர், முழுப்பணம் கொடுத்த பின்னும் பழைய கடனுக்காக வண்டியை இழக்க நேரலாம்.

பெயர் மாற்றத்துக்கு விற்பவர் 29-ம் படிவத்தையும், விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து 30-ம் படிவத்தையும் அளிக்க வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் பதிவு எண்கள் முறையே டி.என்.03, டி.என்.04, டி.என்.05 எனத் தொடங்கும். விற்பவரிடம் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டி மூன்றாமவருக்கு விற்பது தரகர் உலகில் நெடுநாள் வழக்கம்.

இவ்வழக்கத்தின் விலையை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பு தெளிவாக்கியது. வண்டி பலமுறை கைமாறியிருந்த ஒரு விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் கூறியது. வண்டியை விற்றுப் பணம் பெற்று மறந்துவிட்டவரும் இதனால் பொறுப்பேற்க நேரும். எனவே உடனடிப் பெயர் மாற்றம் வாங்குபவருக்கு எவ்வளவு முக்கியமோ, விற்பவருக்கும் அவ்வளவு முக்கியம். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்கு 8 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., பெற வேண்டும். 15 வயது கடந்த வண்டிகளுக்கு இதற்கான கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பெருமளவு உயர்ந்தது. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் முன் டிங்கரிங், வண்ணம், பிரேக் வேலைகள் செய்ய வேண்டியிருக்கும். அதனால் 7 ஆண்டு ஓடிய வண்டிக்கும் 9 ஆண்டு ஓடிய வண்டிக்கும் இடையிலான விலை வேறுபாட்டில் இந்தச் செலவும் அடங்கியிருக்கிறது. செலுத்தாத சாலை வரியும் இணையவழி அபராதங்களும் இப்போது அரசின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டே தெரிந்துகொள்ளக்கூடியவை.

புதிய காலம்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த டீசல் வண்டிகளில் உணரிகளும் புகை சுத்திகரிப்பு அமைப்பும் உள்ளன. புகையின் நிறத்தையும் என்ஜின் ஒலியையும் கொண்டு குறை சொல்லும் முறை இவற்றில் போதாது. ஸ்கேனர் கருவியால் பிழைக் குறிகளைப் படிக்க வேண்டும். பெட்ரோலிலும் எரிவாயுவிலும் ஓடும் சிறு வண்டிகளும் பரவின. 2022-ல் ஏஸ் வண்டியின் மின்சார வடிவம் அறிமுகமானது. பழைய மின்சார வண்டியை வாங்குபவருக்கு என்ஜினுக்குப் பதில் மின்கலத்தின் எஞ்சிய ஆயுளே முதல் கேள்வியாகும்.

மதிப்பீட்டின் பொருள்

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது; அதனால் வாங்குபவர் எல்லா வண்டிக்கும் குறைந்த விலையே தர முன்வருவார், நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார் என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அக்கட்டுரை முக்கியக் காரணம்.

வடசென்னையில் அந்த அறிவு இடைவெளியை நிரப்புபவை மெக்கானிக்கின் காது, வெல்டரின் சுத்தியல், கடன் அலுவலரின் குறிப்பேடு, பதிவு அலுவலகத்தின் ஏடு ஆகியவை. இவற்றுள் ஒன்றைத் தவிர்த்தாலும் அதன் செலவு வண்டியை வாங்கியவர் மீதே விழும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் சுமை குறையும். தவணை நாள் மாறாது. அந்த மாதங்களில் என்ஜின் வேலையோ எஃப்.சி. செலவோ சேர்ந்தால் வண்டியே கைவிட்டுப் போகலாம். ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர், கேட்கும் விலையோடு அடுத்த ஓராண்டில் அந்த வண்டி கேட்கப்போகும் செலவையும் கூட்டி, அந்தத் தொகைக்கே வண்டியை மதிப்பிடுகிறார்.